பிடித்து வைத்த சரக்கு

செஞ்சி
19.1.2025

அன்பு மருமகள் மிஸ்பாவுக்கு உன் தாய்மாமன் சிராஜுதீன் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நான், மாமி, உன் அம்மா ஹபீபுன்னிசா மூவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

போன் இருக்கும்போது மாமா ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். என் வலது காது போன வருடமே போய்விட்டது. இடது காதில் பாதிதான் பாக்கி. நீ பேசுவது கொசு பறக்கிற மாதிரி கேட்கிறது, நான் கத்துவது கடைத்தெரு முழுக்கக் கேட்கிறது. வாட்சாப்பில் அனுப்பலாம் என்றால் கடைப் போன் என் மகன் வசீம் கையில். முதலில் அவன் படிப்பான், பிறகு அவன் சேக்காளிகள் படிப்பார்கள், கடைசியில் நான். கடுதாசி என்றால் உனக்கும் எனக்கும் மட்டும்.

சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. மார்க்கெட் கமிட்டியில் நெல் இறக்க இடமில்லை, சாக்குக்குக் கிராக்கி. பதினாலு வயதில் கிழிந்த சாக்குத் தைக்க உட்கார்ந்தவன் நான். இன்று இந்த வட்டாரத்தில் என் சாக்கு இல்லாமல் மூட்டை கட்ட முடியாது. திருவண்ணாமலை ரோட்டுக் கட்டிடத்துக்கு மாடித் தளமும் போட்டாகிவிட்டது.

தொண்டூர் துரைக்கண்ணு மண்டிக்கு வந்தவர், "பாய், உங்க அக்கா பொண்ணு மெட்ராஸ்ல இன்னா வேல செய்யுது?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிறது என்றேன். "அதுக்குப் படிக்கணுமா? உங்க சாக்கு வெலையச் சொன்னா நாங்களே மயங்கிடறோமே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அத்தா மவுத்தான பிறகு உன்னைப் படிக்க வைத்தவன் நான், எனக்கே உன் வேலையைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விவரமாக எழுது.

துஆவுடன்,
சிராஜுதீன்

சென்னை
2.2.2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. நான் நலம். ஹாஸ்டல் சாப்பாடுதான், பழகிவிட்டது. காதுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? மிஷின் வைத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

துரைக்கண்ணு அண்ணனிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுப்பது மயக்க டாக்டர் வேலை. எங்கள் ஸ்கோப் அறையில் கொடுப்பது அரைத் தூக்கம். வாய் வழியாகவோ பின்வழியாகவோ குழாய் விட்டு டாக்டர் அரிகிருஷ்ணன் குடலைப் பார்ப்பார். அதுவரை ஆள் வலி தெரியாமல் படுத்திருக்க வேண்டும், ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் மருந்து அதிகம். முகம் சுளித்தால் மருந்து போதாது. இரண்டுக்கும் நடுவில் ஆளை நிறுத்தி வைப்பதுதான் என் வேலை. தலைமாட்டில் நின்று மூச்சை, நாடியை, விரலில் மாட்டிய கிளிப் காட்டும் ஆக்ஸிஜனைப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

அந்தத் தூக்கத்தில் சிலர் பேசுவார்கள். ஒரு வாத்தியார் பத்தாம் வகுப்புக்கு அட்டென்டன்ஸ் எடுத்தார், "வராதவன் யாரு?" என்று என்னைக் கேட்டார். எழுந்ததும் ஒன்றும் நினைவிருக்காது. "ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்பார்கள்.

உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். சேரும்போது என் ஒரிஜினல் சான்றிதழ்களை ஆஸ்பத்திரி வாங்கி வைத்துக்கொண்டது தெரியும் அல்லவா. மூன்று வருட ஒப்பந்தம் இந்த மாதம் 28ஆம் தேதியோடு முடிகிறது. ஓமனில் ஒரு ஆஸ்பத்திரி என்னை இதே வேலைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பட்டமும் கவுன்சில் பதிவுச் சான்றும் ஒரிஜினலாக ஜூலை 31க்குள் காட்ட வேண்டும். கேட்டால் மேனேஜர் பார்க்கலாம் என்கிறார். டாக்டர் அரிகிருஷ்ணன் நம் அனந்தபுரத்துக்காரர், உங்களுக்குப் பழக்கம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும்.

அம்மாவுக்கும் மாமிக்கும் என் சலாம்.

மிஸ்பா

செஞ்சி
20.2.2025

அன்பு மருமகளுக்கு மாமாவின் சலாம். இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உன் கடுதாசியைத் துரைக்கண்ணுவிடம் படித்துக் காட்டினேன். ஆளை நடுவில் நிறுத்தி வைப்பது என்ற இடத்தில், "அத்த அந்தப் பொண்ணு மாமாகிட்டதான் கத்துனு இருக்கும். அஞ்சு வருசமா என் பணத்தக் கொடுக்கறேன் கொடுக்கறேன்னு நடுவுலயே நிறுத்தி வெச்சிக்கினு இருக்காரு" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சான்றிதழ் விஷயம். டாக்டரிடம் பேசினேன். நம்ம பெண்தான், கவலை வேண்டாம் என்றார். பத்து நாள் ஆகும் போலிருக்கிறது. நீ மேனேஜரிடம் கோப முகத்தைக் காட்டாதே. வாங்க வேண்டியவன் குரலை உயர்த்தக் கூடாது.

ஓமன் பற்றி யோசித்துச் செய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் அதிகம் என்கிறார்கள். உன் அம்மாவுக்கு நீ ஒருத்திதான். மாமா இருக்கும்போது என்ன பயம் என்று கேட்பாய், அதுவும் சரிதான்.

ரமலான் வருகிறது. ஸஹரில் வெறும் டீயோடு நிறுத்தாதே.

சிராஜுதீன்

சென்னை
23.3.2025

மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு இருபத்திரண்டு முடிந்தது. தண்ணீர்த் தாகம்தான், மற்றபடி சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா?

நீங்கள் சொன்ன பத்து நாள் முடிந்து இருபது நாள் ஆகிறது. மேனேஜர் போன வாரம் ஆடிட்டில் இருக்கிறது என்றார். இந்த வாரம் ஹெட் ஆபீஸில் இருக்கிறது என்கிறார். டாக்டர் என்னைப் பார்த்தால் வேறு பேச்சு பேசுகிறார்.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஜனவரியில் ஒரு நர்ஸ் நின்றுவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு அறைக்கும் நான் ஒருத்தி. ஒருவரைத் தூங்க வைத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். பதினெட்டாம் தேதி ரத்தினம்மாள் என்று அறுபத்தெட்டு வயது அம்மா. பக்கத்து அறையில் ஊசி போட்டுவிட்டுத் திரும்புகிறேன், கிளிப் மிஷின் கத்திக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிஜன் எழுபத்தொன்று. உதடு நீலம். தாடையைத் தூக்கிப் பிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நான்காவது தடவை கூப்பிட்டபோது மூச்சு வந்தது. எழுந்ததும் காபி கேட்டார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு சீட்டைப் பார்த்தேன். இரண்டு அறைச் சீட்டிலும் பத்து நாற்பதுக்கு என் கையெழுத்து இருக்கிறது. ஒரே நிமிடத்தில் நான் இரண்டு இடத்தில் இருந்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் கேள்வி டாக்டருக்கு இல்லை, மேனேஜருக்கு இல்லை. கையெழுத்து யாருடையதோ அவளுக்கு.

ஒரிஜினல் இல்லாமல் வேறு எங்கும் சேரவும் முடியாது, இங்கே நிற்கவும் முடியவில்லை. மறுபடி ஒருமுறை பேசுங்கள் மாமா. நேரில் வந்து பேசினால் இன்னும் நல்லது.

மிஸ்பா

செஞ்சி
17.4.2025

அன்பு மருமகளுக்கு சலாம். பெருநாளுக்கு இரண்டு நாள் வந்துவிட்டு ஓடிவிட்டாய். உன் முகம் வாடியிருந்ததாக மாமி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது, வீடு நிறைய ஆள் இருந்ததால் பேச முடியவில்லை.

அந்த அம்மா பிழைத்தது அல்லாஹ் செயல். உன் கையும் லேசுப்பட்ட கை இல்லை. டாக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார், ஊசி போட நூறு பேர் கிடைப்பார்கள், மிஸ்பா மாதிரி ஆளை அளந்து போடுகிறவள் கிடைக்க மாட்டாள் என்று. இரண்டு அறை என்பது பெரிய ஆஸ்பத்திரித் தொல்லை. சின்ன ஊரில், ஒரே அறையில், சொந்த மனிதர்கள் நடுவில் இதே வேலையைச் செய்தால் இந்த ஓட்டம் இருக்காது. சும்மா சொல்கிறேன்.

சான்றிதழுக்கு மறுபடி பேசினேன். தேடுகிறார்களாம். பொறு.

நேரில் வரச் சொன்னாய், வரத்தான் போகிறேன், வேறு காரணத்துக்கு. ஒரு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் தெரிகிறது. மூலம் என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் சொன்னதற்கு ஸ்கோப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். மே ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை. ஊசி நீதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். என் உயிரை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

சிராஜுதீன்

சென்னை
25.4.2025

மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ரத்தம் என்று படித்ததும் பயந்துவிட்டேன். ஒரு மாதம் ஏன் மறைத்தீர்கள்?

முதல் நாள் மதியத்துக்கு மேல் கஞ்சித் தண்ணீர், இளநீர் தவிர எதுவும் வேண்டாம். மாலையில் பேதி மருந்துத் தண்ணீர் இரண்டு லிட்டர் குடிக்க வேண்டும். பாதியில் விடக் கூடாது, குடல் சுத்தமாக இல்லாவிட்டால் மறுபடி வர நேரிடும். கட்டின பல்லைக் கழற்றி வசீமிடம் கொடுத்துவிடுங்கள். அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது.

ஊசியை இந்த மாதம் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் வெண்மதி போடட்டும். அவளும் நன்றாகச் செய்வாள். சொந்தக்காரருக்கு நாங்கள் போடுவது வழக்கமில்லை, கை தயங்கும். டாக்டரிடமும் சொன்னேன், "உங்க மாமா உன்னத்தான் கேக்கறாரு, எனக்கு ஏம்மா வம்பு" என்கிறார். நீங்களே அவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரிஜினல் பற்றி நேரில் வரும்போது மேனேஜரைப் பாருங்கள். நானும் கூட வருகிறேன்.

மிஸ்பா

செஞ்சி
11.5.2025

அன்பு மருமகளுக்கு சலாம். உடம்பு தேறிவிட்டது, ரத்தம் நின்றுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

நீ வெண்மதி என்றாய், நான் பிடிவாதமாக உன்னையே நிற்க வைத்தேன். சரிதான் என்று இப்போதும் சொல்வேன். கையில் ஊசி ஏறியது தெரியும், நீ குனிந்து இடது காதில் "மாமா" என்று கூப்பிட்டது தெரியும். அப்புறம் டாக்டரோடு ஏதோ வியாபாரம் பேசிக்கொண்டிருந்த மாதிரி ஒரு நினைவு. கண் திறந்தால் வேறு அறை, வசீம் பல்லை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நானும் யாருக்காவது அட்டென்டன்ஸ் எடுத்தேனா? உளறியிருந்தால் சொல்லிவிடு, சிரித்துக்கொள்ளலாம்.

நீ ஏன் கிளம்பும்போது வரவில்லை? அடுத்த நோயாளி என்று வெண்மதி சொன்னாள். நீ இல்லாமல் மேனேஜரைப் பார்ப்பது சரியில்லை என்று வந்துவிட்டேன்.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வந்ததும் எழுது. மனசு அதில்தான் இருக்கிறது.

சிராஜுதீன்

செஞ்சி
12.6.2025

அன்பு மருமகளுக்கு சலாம். ஒரு மாதமாகப் பதில் இல்லை. பக்ரீதுக்கும் வரவில்லை. உன் அம்மா கறியை எடுத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் போட்டால் டூட்டி என்கிறாயாம்.

உடம்பு சரியில்லையா? இல்லை, என் பரிசோதனை முடிவில் ஏதாவது கெட்ட சேதியா? கெட்டது என்றால் நேராகச் சொல், நான் தாங்குவேன்.

கட்டிடத்துக்கு ஓடு பதித்தாகிவிட்டது. கீழே இரண்டு பெரிய அறை, லிப்ட் வைக்கவும் இடம் விட்டிருக்கிறேன்.

சிராஜுதீன்

சென்னை
19.6.2025

மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். பரிசோதனை முடிவின் நகல் இணைத்திருக்கிறேன். எடுத்தது இரண்டு சிறு கட்டிகள். புற்றுநோய் இல்லை. காரம் குறைத்துக்கொள்ளவும்.

நீங்கள் கேட்டதற்கு: நன்றாகத் தூங்கினீர்கள்.

எனக்கு வேலை அதிகம். அம்மாவுக்கு சலாம்.

மிஸ்பா

செஞ்சி
21.7.2025

மிஸ்பாவுக்கு மாமாவின் சலாம். நான் நலம். நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை இன்று எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடைசிக் கடுதாசியை எத்தனையோ முறை படித்துவிட்டேன். அதில் இல்லாத ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிப்ரவரியிலிருந்து நீ எழுதிய ஒவ்வொன்றிலும் ஒரிஜினல், ஒரிஜினல் என்று கேட்டாய். ஜூனில் கேட்கவில்லை. நாள் நெருங்கும்போது வாங்க வந்தவன் விலை கேட்பதை நிறுத்தினால், ஒன்று வேறு இடத்தில் வாங்கியிருக்க வேண்டும், இல்லை சரக்கு யாரிடம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வருடம் மண்டியில் உட்கார்ந்தவனுக்கு இது புரிய ஒரு மாதம் ஆனது.

போன வாரம் டாக்டர் கட்டிடம் பார்க்க வந்தார். நம் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து ரோட்டில் கார் நிறுத்த இடமில்லை, அவருக்கு இன்னும் அவசரம். நேராகவே கேட்டேன், ஸ்கோப் அறையில் நான் என்ன பேசினேன் என்று. அவர் என் காதருகே வந்து சொன்னார்.

"'மிஸ்பா ஒரிஜினல மட்டும் விட்டுடாதீங்க டாக்டர், சென்டர் தொறக்கிற வரைக்கும் வெச்சிக்கோங்க'ன்னு ரெண்டு தடவ சொன்னீங்க பாய். அது உங்க தலமாட்டுலதான் நின்னுனு இருந்துது. நான் எப்படி உங்க வாயப் பொத்தறது?"

நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். சீட்டில் நேரம் எழுதினாயாம். கிளிப்பைப் பார்த்தாயாம். மருந்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லையாம்.

ஆமாம் மிஸ்பா. கட்டிடத்தில் ஸ்கோப் சென்டர் வைக்கிறேன் என்று டாக்டர் சொன்னது போன வருடம். கட்டிடம் எந்த ஊரிலும் கிடைக்கும் பாய், உங்கள் மருமகள் வந்தால்தான் செஞ்சிக்கு வருவேன் என்றார். நீ ஓமன் என்றதும் நான்தான் போய்ச் சான்றிதழைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். விலை ஏறும்வரை சரக்கைப் பிடித்து வைப்பது எனக்குப் பழக்கம். உன்னையும் அப்படித்தான் வைத்தேன். உன் அம்மாவுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ரத்தினம்மாள் பற்றி நீ எழுதியபோதுகூட, சென்டர் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேனே தவிர உன் கையெழுத்தைப் பற்றி நினைக்கவில்லை.

அன்றே டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உன் ஒரிஜினல் செஞ்சி சென்டருக்கு அனுமதி கேட்கும் பைலில் வைக்கப்பட்டிருக்கிறது, ஊசி போடும் நர்ஸ் நீ என்று எழுதி. சென்டர் திறக்கிறவரை அந்த பைலிலிருந்து ஒரு தாள் வெளியே வராதாம். பிடித்து வைக்கச் சொன்னது நான், விடுவிக்க என்னாலேயே முடியவில்லை.

மூன்றாம் நாள் வசீமைக் கூட்டிக்கொண்டு சென்னை வந்தேன். உன்னைப் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. மேனேஜர் மேஜையில் ஒரு காகிதம் வைத்தேன், கட்டிடத்தை எந்த ஆஸ்பத்திரிக்கும் விடுவதாக இல்லை என்று. கட்டிடம் இல்லாவிட்டால் சென்டர் இல்லை, சென்டர் இல்லாவிட்டால் பைல் எதற்கு என்றேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் இருபது வருடப் பழக்கம் முடிந்தது. ஒரு வாரத்தில் உன்னிடமே கொடுப்பதாக மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நகல் இதோடு இருக்கிறது. கொடுக்காவிட்டால் எழுது, அங்கேயே வந்து உட்காருகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் என்னிடம் ஏன் சண்டைக்கு வரவில்லை? டாக்டரிடமாவது ஏன் கேட்கவில்லை?

சிராஜுதீன்

சென்னை
9.8.2025

மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இப்போது ரத்தம் எதுவும் இல்லை அல்லவா?

ஒரிஜினல் ஆகஸ்ட் நான்காம் தேதி, ஓமன் கெடு முடிந்த பிறகு, கைக்கு வந்தது. ஓமன்காரர்களுக்கு அன்று மாலையே எழுதினேன். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டோம், அடுத்த முறை தேர்வு நடக்கும்போது மறுபடி விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஏன் சண்டைக்கு வரவில்லை என்று கேட்டீர்கள். டாக்டரே உங்களிடம் சொல்லிவிட்டதால் இதை எழுத முடிகிறது. வேறு எந்த வழியில் எனக்குத் தெரிந்திருந்தாலும் அன்றே செஞ்சிக்கு பஸ் ஏறி, உங்கள் மண்டியிலேயே நின்று கத்தியிருப்பேன். ஆனால் எனக்குச் சொன்னவர் என் நோயாளி. மருந்து பேச வைத்தது, மருந்தைப் போட்டவள் நான். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து உங்கள் சட்டையைப் பிடித்தால், நாளைக்கு யார் என்னிடம் கையை நீட்டுவார்கள்? மூன்று மாதம் மேனேஜர் முன்னால் ஒன்றும் தெரியாதவளாகப் போய் நின்று, ஒரிஜினல் தேடிவிட்டீர்களா சார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தேடுகிறோம் என்பார். சரி சார் என்று திரும்புவேன். உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் உடம்பு எப்படி என்பதைத் தாண்டிக் கை போகவில்லை.

நான்காம் தேதியே ராஜினாமா கொடுத்துவிட்டேன். நான் இல்லாவிட்டால் இரண்டு அறைகளில் ஒன்றை மூடித்தான் ஆக வேண்டும் என்று வெண்மதி சொல்கிறாள். மூடட்டும். வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். நகலைப் பார்த்து எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஒரிஜினல் என்னிடமே இருக்கும். எந்த ஊர் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் கேட்காதீர்கள்.

கட்டிடத்தை நீங்கள் விட்டுக்கொடுத்தது சிறிய விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் இன்னும் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை.

கட்டி எடுத்தவர்கள் மூன்று வருடம் கழித்து மறுபடி ஸ்கோப் போட்டுப் பார்க்க வேண்டும். 2028 மே. தள்ளிப் போடாதீர்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், அன்று உங்களுக்கு எந்த மருந்து எவ்வளவு போட்டேன் என்று எழுதியிருக்கிறது. உங்கள் வயதுக்கும் எடைக்கும் வழக்கமாகப் போடுவதில் பாதியிலேயே தூங்கிவிட்டீர்கள். இது தெரியாமல் முழு அளவு போட்டால் மூச்சு நின்றுவிடும். அன்று தலைமாட்டில் நிற்கும் நர்ஸ் யாராக இருந்தாலும், ஊசி ஏற்றும் முன் இந்தச் சீட்டை அவள் கையில் கொடுங்கள்.

மிஸ்பா